பாக்கி வைத்தவருக்கு வாக்கு இல்லை

அமெரிக்க நிறவெறியைப் புரிந்துகொள்ள எதைப் படிக்கலாம் என்று கேட்கும் இளம் தோழர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஃப்ளோரிடா மாநில நீதிமன்றங்கள் ஏழைகள் மீது சுமத்தும் கட்டணங்களின் பட்டியலைப் படியுங்கள். காவலரின் முழங்கால் ஒரு கறுப்பினத்தவரின் கழுத்தில் ஏறியதை உலகமே பார்த்தது. கட்டணப் பட்டியலை யாரும் படம்பிடிப்பதில்லை.

ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நியாயமான நன்றி அது. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1868இல், ஃப்ளோரிடாவின் புதிய அரசமைப்பு கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்துக்கொண்டே, குற்றத்தில் தண்டனை பெற்றவர்களிடமிருந்து அதைப் பறிக்கவும் வழி செய்தது. அந்தப் பிரிவில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தேவையும் இல்லை. யாரைப் பிடிப்பது, எதைப் பெருங்குற்றம் என்பது எல்லாம் பின்னாளில் வெள்ளையர் கையில்தானே இருந்தது! 2019 வரை அங்கே 300 டாலர் பொருளைத் திருடினாலே பெருங்குற்றம். 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அம்மாநிலக் கறுப்பினத்தவரில் வாக்களிக்கும் வயதுடைய ஐந்து பேரில் ஒருவருக்கு வாக்கு இல்லை. 2000இல் ஜார்ஜ் புஷ் இதே மாநிலத்தை வென்று அதிபரானது வெறும் 537 வாக்கு வித்தியாசத்தில்.

2018 நவம்பரில் மக்களே இதை மாற்றினார்கள். கொலை, பாலியல் குற்றம் நீங்கலாக, தண்டனையை முடித்த அனைவருக்கும் வாக்கு என்ற திருத்தத்துக்கு 60 சதவீத ஆதரவு போதும். ஏறக்குறைய 65 சதவீதம் கிடைத்தது. இயக்கத்தை முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் மீட், சிறை சென்று, வீடின்றி அலைந்து, பிறகு சட்டம் படித்தவர். வாக்கை இழந்திருந்த சுமார் 14 லட்சம் பேரில் வெள்ளையர்களும் ஏராளம். அதனால்தான் அந்த 65 சதவீதம் சாத்தியமானது என்பது என் கணிப்பு.

அடுத்த ஆண்டே சட்டமன்றம் புகுந்தது. தண்டனை முடிவதென்றால் சிறைவாசம் முடிவது மட்டுமல்ல, தீர்ப்பில் சொல்லப்பட்ட அபராதம், கட்டணம், இழப்பீடு அனைத்தையும் கட்டி முடிப்பதுதான் என்றது புதிய சட்டம். என்ன கட்டணம் தெரியுமா? வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை, அரசே ஒருவரை அமர்த்தித் தரட்டும் என்று விண்ணப்பிக்க 50 டாலர். தன்னைக் குற்றவாளி என்று நிரூபிக்க அரசு செய்த செலவுக்குக் குறைந்தது 100 டாலர். ஏழை என்பதற்கே கட்டணம்!

சரி, கட்டிவிடலாம் என்று போனால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல மாநிலத்திடம் ஒரு பொதுப் பதிவேடு இல்லை. 67 மாவட்டங்களின் பழைய கோப்புகளில் அவரவர் தேடிக்கொள்ள வேண்டும்.

வாக்களிக்க வரி கேட்கக் கூடாது என்று 1964இலேயே அமெரிக்க அரசமைப்பு திருத்தப்பட்டுவிட்டது. 2020 மே மாதம் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள், இது பணம் கட்டி வாக்களிக்கும் முறை என்று கண்டித்தார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இது வரி அல்ல, தண்டனையின் பகுதியாம். உரிமையைப் பறிக்காமல் அதன் வாசலில் நிபந்தனையை உட்கார வைக்கும் வித்தை, சாதியச் சமூகத்தில் வளர்ந்த நமக்குப் புதிதல்ல.

2022 ஆகஸ்டில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ், சட்டவிரோதமாக வாக்களித்ததாக 20 பேரைக் கைது செய்வதாக அறிவித்தார். கொலை, பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் அவர்கள். திருத்தம் அவர்களுக்குப் பொருந்தாது, உண்மைதான். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை அனுப்பியதே அரசு அலுவலகங்கள்தாம். அந்தக் கைதுகளைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, பழைய வழக்கில் 50 டாலர் பாக்கி இருக்கிறதா என்றே தெரியாத ஒருவர், வாக்காளராகப் பதியத் துணிவாரா? பாக்கி எவ்வளவு என்று அரசால் எழுதிக் கொடுக்க முடியவில்லை என்றால், பாக்கியே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.