வெள்ளிக் காசும் வேந்தர் முகமும்

பண்டை உரோமரின் வெள்ளிக் காசுகளை வரலாற்றின் பொய்யாச் சான்றுகள் எனப் பலர் போற்றுவர். ஏடு திரிபடையும், கல்லெழுத்துத் தேயும், காசோ அடித்தவாறே கிடைக்கும் என்பது அவர் வாதம். யான் இதனை முழுதும் உடன்படேன். காசின் முகம் கூறுவது வரலாறன்று, மெய்க்கீர்த்தி. சோழர் மெய்க்கீர்த்தி பயிலும் நம்மனோர்க்கு இவ்வேறுபாடு எளிதின் விளங்கும்.

உரோமாபுரியில் அடித்த காசில், உயிரோடிருக்கும் உரோமன் ஒருவனது முகம் முதன்முதற் காணப்பட்டது கி. மு. 44-இல், அம்முகம் ஜூலியஸ் சீசருடையது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே அவனைக் கொன்றனர். கொன்றவருள் முதல்வனாகிய புரூட்டஸ் பின்னர்ச் செய்தது யாது? தானும் ஒரு வெள்ளிக் காசு வெளியிட்டான். ஒருபுறம் இரு குறுவாள்கள், அவற்றினிடையே விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் குல்லாய், கீழே கொலை நிகழ்ந்த நாளின் பெயர். மறுபுறமோ புரூட்டஸின் முகமே! ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் கற்று அவன்பால் உருகும் நண்பர்கள் இக்காசையும் ஒருமுறை நோக்குவாராக.

கி. பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுவின் காசில் வெற்றிமாலை சூடிய தலை. அதனைச் சூழ, தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் என்னும் பொருள்படும் எழுத்து. பின்புறம் செங்கோல் ஏந்தி அமர்ந்த மாது. வரியைக் குறித்து நம் ஆண்டவரிடம் காட்டப்பட்ட காசு இதுவே என அறிஞர் பலர் கருதுவர். அங்ஙனமாயின் அவர்முன் வைத்த வினா எத்துணைக் கொடிய கண்ணி! உருவத்தை விலக்கிய கட்டளையும் வேறு தேவனை விலக்கிய கட்டளையும் ஒரு விரலகல வெள்ளியில் ஒருங்கே மீறப்பட்டிருந்தன.

இனி, வெள்ளி கூறுவதைக் கேட்போம். அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோம இராத்தலுக்கு 84 காசு. கி. பி. 64-இல் நீரோ அதனை 96 ஆக்கிக் கலப்பும் மிகுத்தான். 215-இல் காரகல்லா, கதிர்முடி சூடிய தலையுடன் ஒரு புதுக்காசு அடித்தான். அதன் மதிப்பு இரண்டு காசு என்பர். எடையோ ஏறக்குறைய ஒன்றரைக் காசளவே. கல்லியேனஸ் மாண்ட 268-இல் அக்கதிர்முடிக் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இல்லை. வேந்தன் தலையில் மட்டும் கதிர் குறையவில்லை.

கோயமுத்தூர்ப் பகுதியிற் கிடைத்த புதையல்களில் அகஸ்டஸ், திபேரியு காலத்து வெள்ளியே மிகுதி. நீரோ எடை குறைத்த பின் அடித்தவை அரிய. வாணிகம் சுருங்கியதே காரணம் என்பாரும் உளர். நம் நாட்டார் முகத்தை விடுத்துத் தரத்தையே நோக்கினர் என்னும் கொள்கையே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 1898-இல் புதுக்கோட்டையிற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுட் பெரும்பாலானவற்றில், இராயனுடைய தலையின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இன்றும் உளது.