ஹெல்பர் விசாவுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள்

2034 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தும் பொறுப்பு 2024 டிசம்பரில் சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2030இல், ரியாத்தில் எக்ஸ்போ கண்காட்சி. மைதானங்கள், சாலைகள், ஓட்டல்கள் என அங்கே கட்டுமானப் பணிக்கு இன்னும் பல ஆண்டுகள் குறைவிருக்காது. நம் ஊர்களிலும் "கன்ஸ்ட்ரக்‌ஷன் ஹெல்பர் விசா இருக்கு" என்ற பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது.

ஆனால் இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற தொழில்களுக்குச் சவூதி அரசு இப்போது திறன் தேர்வு வைக்கிறது. அந்தத் தேர்வு இந்தியாவிலேயே நடக்கிறது. "அங்கே போய்க் கற்றுக்கொள்வான்" என்று அனுப்பிவைத்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது சில தந்தைமார் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், பையனுக்கு விசா வந்திருக்கு, ரெண்டு லட்சம் கேக்குறாங்க, கட்டலாமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "பையனுக்கு என்ன வேலை தெரியும்?" பெரும்பாலும் பதில் வராது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தை அடைக்கவே முதல் ஓராண்டுச் சம்பளம் போய்விடும்.

சுமை தூக்கப் போன ஹெல்பரின் கையில் யாரும் கரண்டியைக் கொடுப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஐந்தாண்டு கழித்தும் அவர் ஹெல்பராகவே திரும்புகிறார். இங்கே ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்த பையன் முதலில் கலவை போடுகிறான், கல் எடுத்துக் கொடுக்கிறான். பிறகு தூக்குக்குண்டு பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் பழகுகிறான். கம்பி கட்டும் இடத்தில் வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டால் அவனுடைய கூலியே வேறு. பத்தாம் வகுப்புக் கணக்கு அங்கேதான் உதவுகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முறையாகக் கற்க விரும்பினால் அரசு ஐடிஐ இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. எலக்ட்ரீஷியன், கட்டடப் பட வரைவாளர் பிரிவுகள் இரண்டு ஆண்டு. வெல்டர் ஓர் ஆண்டு, அதில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களும் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்த பையனுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து டிப்ளமோ சிவில் படிக்க வழியுண்டு. சைட் சூப்பர்வைசர் வேலைக்குப் போகும் பாதை அது.

"நம்ம வீட்டுப் பிள்ளை கொத்து வேலைக்கா?" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்கிறேன். வெளிநாட்டில் அதே வேலையைச் செய்தால் மட்டும் மாப்பிள்ளைப் பேச்சில் "சவூதியில் இருக்கிறார்" என்று பெருமையாகச் சொல்வார்கள்! தாவூத் நபி (அலை) அரசராக இருந்தும் தம் கை உழைப்பில் உண்டவர் என்பதை நாம் மிம்பரில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம் போலும்.

உள்ளூரில் வேலையைத் தொடங்கும் பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். 1994 முதல் இயங்கும் வாரியம் அது. கட்டடம் கட்டுவோர் செலுத்தும் ஒரு சதவீத நிதியிலிருந்து விபத்து நிவாரணம், திருமண உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் வழங்கப்படுகின்றன. பதிவு செய்யாமல் சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்துக்காக ஜமாஅத்தில் வசூல் நடத்துகிறோம். அட்டை இருந்திருந்தால் அந்தக் குடும்பம் உரிமையோடு கேட்டு வாங்கியிருக்கும்.

அதற்குப் பிறகும் வளைகுடாதான் என்று முடிவெடுத்தால், சுற்றுலா விசாவில் அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அந்த வழியில் போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. சுற்றுலா விசாவில் போனவருக்கு அது கிடையாது.