உப்புக்காற்றில் ஏசி

காரைக்காலில் ஏசி வாங்குகிறவர்கள் அறைக்குள் இருக்கும் பெட்டியைத்தான் கவனிக்கிறார்கள். முதலில் கெடுவது வெளியே மாட்டிய யூனிட். கடற்காற்றின் உப்பு அதன் அலுமினியத் தகடுகளை வெள்ளைப் பொடியாக அரிக்கும்; செம்புக் குழாயில் பச்சை பூக்கும்; நாளடைவில் ஊசித்துளை விழுந்து கேஸ் கசியும். குளிர்ச்சி குறையும், மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், உள் யூனிட்டின் காயிலில் பனி படியும். (ஃபில்டரில் அழுக்கு அடைத்தாலும் பனி படியும், முதலில் அதைக் கழுவிப் பாருங்கள்.) "வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்" என்பதை நம்பாதீர்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு அது, தானாகத் தீராது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவது. மேலும், இப்போது பரவலாக உள்ள ஆர்-32 என்ற கேஸ் ஓரளவு தீப்பற்றவும் கூடியது. தண்ணீர் சொட்டுவது பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான். கருகல் வாசனையும் எம்சிபி சுவிட்ச் அடிக்கடி விழுவதும் அப்படியல்ல, உடனே நிறுத்துங்கள். பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி முடிந்தால் வெயில் ஏறிவிடும். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்து, வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.