கோணற் கொல்லையும் நேர்க் கணக்கும்

சென்ற வாரத் தபாலில் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. "எங்கள் வீட்டுக் கொல்லை ஒரு புறம் அகலம், மறு புறம் குறுகல். பாதி நாள் நிழல். கையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை. இதில் ஒரு தோட்டம் போட முடியுமா? அல்லது சிமெண்டைப் பூசிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?" என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடிதத்தைக் கண்டல்ல; அந்தக் கொல்லை வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பது போலத் தோன்றியதால்.

எங்கள் கொல்லையின் சரித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அது விசாலமான இடம். பிறகு பாகப்பிரிவினை வந்தது. தகப்பனாருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் ஒரு சுவரும் வந்தது. பத்திரத்தில் கண்ட எல்லைக்கல் எங்கே இருந்ததோ, அங்கே போய்ச் சேருவதற்காகச் சுவர் சாய்ந்துகொண்டே போயிற்று. மிச்சமானது முப்பது அடி நீளம். மேற்கே பதினைந்து அடி அகலம், கிழக்கே தெருப்பக்கம் நான்கே அடி. மொத்தம் 285 சதுர அடி. முக்கால் செண்டுக்கும் குறைவு. வடக்கே எங்கள் வீடு, தெற்கே சித்தப்பாவின் சுவர். இடையில், நான் பிறந்த ஆண்டில் அம்மா வைத்த ஒரு தென்னை.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜாப் புயல் நம் ஜில்லாவைக் கடந்து சென்றது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் தென்னையும் பலாவும் வாழையும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த கதையை நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் ஒற்றைத் தென்னையும் வேரோடு விழுந்தது. நல்ல வேளையாக, சுவரில் ஒரு மூலையை மட்டும் இடித்துவிட்டு, யார் தலையிலும் விழாமல் படுத்துக்கொண்டது.

மறு ஆண்டு அந்த வெற்றிடத்தைக் காணச் சகியாமல் நான் தோட்டம் போடப் புறப்பட்டேன். நேரே ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். ரோஜா, குரோட்டன்ஸ், ஓர் ஒட்டு மாங்கன்று என்று கண்ணுக்கு அழகானவற்றையெல்லாம் 1,400 ரூபாய்க்கு வாங்கி, சுவரோரமாகப் பள்ளி மாணவர்களை நிறுத்துவதுபோல வரிசையாக நட்டேன். பங்குனிக்குள் ரோஜா கருகிற்று; குரோட்டன்ஸ் அப்படியே நின்றது; மாங்கன்று, "எனக்கு இங்கே இடமேது?" என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தது. கடைக்காரர் பேரில் குற்றமில்லை. கேட்டதைக் கொடுத்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டவன் நான்.

அந்த நஷ்டத்தில் கற்ற பாடம் ஒன்றே. சிறிய இடத்துக்குச் செடி வாங்குவது கடைசிக் காரியம். முதலில் இடத்தை வாசிக்க வேண்டும். அடுத்து அடுக்களையைக் கேட்க வேண்டும். பிறகு மண்ணுக்குச் செலவு செய்ய வேண்டும். இவை மூன்றும் முடிந்தபின் பணம் மிஞ்சினால் செடி வாங்கலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, காந்தியடிகளோடு கிராமத் தொழில்களுக்காக உழைத்த ஜே. சி. குமரப்பா, 1945-ல் வெளிவந்த தம் பொருளாதார நூலில் இதே தத்துவத்தைக் கிராமம் முழுமைக்கும் சொல்லியிருக்கிறார். சந்தையில் என்ன விலை போகும் என்று பார்த்து நிலத்தைப் பங்கிடக் கூடாது. அங்கே வாழும் ஜனங்களுக்குத் தானியம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, காய்கறி எவ்வளவு வேண்டுமென்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிரிட வேண்டுமென்பது அவர் கொள்கை. ஒரு லட்சம் பேருக்குச் சரியாகும் கணக்கு, ஐந்து பேர் உள்ள வீட்டுக்குச் சரியாகாமற் போகுமா?

இடத்தை வாசிப்பது எப்படி? மூன்று வழிகளைக் கண்டுகொண்டால் போதும். வெயில் வழி, நீர் வழி, நடை வழி.

வெயிலை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் சூரியன் சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே வருகிறான். அதன்பின் ஆவணி முற்பகுதி வரையில் சற்று வடக்கே இருக்கிறான். பிறகு தெற்கே இறங்கி, மார்கழியில் எல்லை காண்கிறான். இதனால் ஒரு சுவரின் நண்பகல் நிழல் மார்கழியில் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வடக்கே விழும். ஆனியிலோ, உயரத்தில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தெற்கே விழும். ஆகவே எங்கள் ஆறடிச் சுவர் மார்கழியில் நான்கு அடி இடத்தை நிழலாக்கும். கோடையில் அதே இடம் வெயிலில் காயும். இதை அறிய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோலும் நூலும் போதும். நான் ரோஜாவை நட்டது சரியாக அந்த நான்கு அடிக்குள்தான்!

இப்போது அங்கே சுவரோரம் இரண்டடிப் பட்டையில் மஞ்சளும் இஞ்சியும் இருக்கின்றன. வைகாசியில் ஊன்றினால், வெயில் உள்ள மாதங்களில் வளர்ந்துவிடும். நிழல் வரும் காலத்தில் கிழங்கு முற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்னால், சுவரைத் தொடாமல் ஓரடி தள்ளி, எட்டடி உயரத்தில் மூங்கில் படல். அதில் அவரை. ஆடியில் விதைத்த அவரையின் கால் நிழலில் இருந்தாலும், மார்கழிக்குள் தலை சுவருக்கு மேலே போய் வெயிலைப் பிடித்துக்கொள்கிறது. முருங்கையை மேற்கு மூலையில் வைத்தோம். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி. கே. எம். 1 என்ற ரகம். விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடிக்கு மேல் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். மரம் குட்டையாக இருப்பதால் காற்றுக்குப் பயமில்லை. மாலை வெயிலின் கடுமையையும் மறைக்கும்.

இரண்டாவது, நீர் வழி. இதில்தான் எங்கள் வீட்டு மானம் அடங்கியிருந்தது. கொல்லை கிழக்கே சரிவு. அடுக்களை அங்கணத்து நீர் முழுதும் குறுகிய முனை வழியே தெருவுக்கு ஓடி, சித்தப்பா வீட்டு வாசலில் தேங்கும். சித்திக்கும் அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமற் போனதற்கு அந்தச் சாக்கடை ஒன்றே காரணம். ஒரு நாள் அளந்து பார்த்தேன். நாளொன்றுக்கு எட்டுக் குடம் தண்ணீர்! ஒரு புறம் குடிநீருக்குக் குழாயடியில் காத்திருக்கிறோம். மறு புறம் எட்டுக் குடத்தைக் கொட்டிச் சண்டையை வளர்க்கிறோம்.

அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை வாளியில் பிடித்து நேரே பாத்திகளுக்கு ஊற்றுவதென்று முடிவு செய்தோம். சோப்பு நீர் கீரைக்கு ஆகாது. அதை உடைந்த ஓடுகள் பதித்த வாய்க்கால் வழியே ஒரு சரளைக்கல் குழியில் விட்டு, அங்கிருந்து வாழைக்குத் திருப்பினோம். மிஞ்சுவதைக் குடிக்கக் குறுகிய முனையில் கல்வாழை. அடைமழை நாட்களைத் தவிர, இப்போது தெருவுக்கு ஒரு சொட்டும் போவதில்லை.

மூன்றாவது, நடை வழி. ஒரு பக்கத்திலிருந்து கை எட்டுவது இரண்டடிதான். அதற்கு மேல் அகலமான பாத்தியில் களை பறிக்க வேண்டுமானால் மண்ணை மிதித்தே ஆக வேண்டும். மிதித்த மண் இறுகிவிடும். வீட்டுக் கடைகாலில் ஈரம் ஏறாமலிருக்கச் சுவரோரம் இரண்டடி நடைபாதை விட்டோம். அதிலிருந்து குறுக்கே, மூன்றரை அடி அகலத்தில் நான்கு பாத்திகள். இடையிடையே ஓரடி சந்து. முதற் பாத்தி பத்து அடி, அடுத்தது எட்டரை, பிறகு ஏழு, கடைசி ஐந்து அடிக்குச் சற்று மேல். பல் தேய்ந்த சீப்பு ஒன்றைப் படுக்கவைத்தாற்போல இருக்கும். சுவர் எப்படி வேண்டுமானாலும் கோணிக்கொள்ளட்டும். பாத்தி நீளம் குறையுமே தவிர, வேலையில் கோணல் வராது.

இவ்வளவும் காகிதத்தில் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, அந்தப் பழைய குழியிலே ஒரு தென்னம்பிள்ளையை வைத்துவிடு" என்றார். தென்னைக்கு மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி வேண்டும், இங்கே இரு புறமும் நான்கடியில் சுவர், மீண்டும் ஒரு புயல் வந்தால் சித்தப்பா வீட்டு ஓட்டின்மேல் விழும் என்று வகுப்பில் சொல்வதுபோல அடுக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கெல்லாம் சரிதான். விடிந்தெழுந்து கதவைத் திறந்தால் பார்க்க ஒன்றுமில்லையே, அதைத்தான் சொல்கிறேன்" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வெயிலை அளந்தேன், நீரை அளந்தேன், கையையும் காலையும் அளந்தேன். கதவைத் திறப்பவரின் கண்ணை அளக்க மறந்துவிட்டேன். தினம் ஐந்து மணிக்குக் கொல்லைக் கதவைத் திறப்பவர் அவர்தானே! வாழையை ஓரமாக வைப்பதாக இருந்த யோசனையை அன்றே மாற்றினேன். கதவுக்கு நேரே, தென்னை நின்ற அதே குழியைச் சுற்றி மூன்று மொந்தன் கன்றுகளை அம்மாவே நட்டார். விழுந்த மரத்தின் துண்டுகள் பாத்திகளுக்குக் கரையாயின. ஆண்டுக்கு ஆண்டு அவை உளுத்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்கின்றன.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கத்துச் செம்மண்ணும் செம்புறாங்கல் சரளையும் நீரை நிறுத்தாது, சத்தும் குறைவு. ஆனால் பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. நம் வட்டாரத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருப்பதும், "வம்பன்" என்ற பெயரோடு உளுந்து ரகங்கள் நாடெங்கும் போவதும் நேயர்கள் அறிந்ததே. வைகாசி மழையில் கொல்லை முழுதும் சணப்பு விதைத்தோம். பூக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், அதை மடக்கி மண்ணுக்குள் புதைத்தோம். ஆடியில் மண் கையில் பிடித்தால் பிடிபட்டது.

இனிச் சகோதரி கேட்ட பணக் கணக்கு. தொழுவுரம் 800 ரூபாய், மூங்கில் நான்கு, 480, குழி வெட்டக் கூலி 400, கயிறும் கம்பியும் 150, விதை 120. ஆக மொத்தம் 1,950. வாழைக் கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் உறவினர் கொல்லையிலிருந்து வந்தவை. ஓடும் சரளையும் இடிந்த சுவரின் தானம். ஐம்பது ரூபாய் மிச்சம். செலவில் பெரும்பகுதி மண்ணுக்கும் உழைப்புக்கும் போயிருப்பதைக் கவனியுங்கள்.

எல்லாம் விளைந்து குவிந்துவிட்டதென்று எழுதினால் பொய்யாகும். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் கத்தரி அழுகிற்று. பாத்தியை அரையடி உயர்த்திய பிறகே பிழைத்தது. முதலில் கீரையை ஒரே நாளில் விதைத்து, ஒரு வாரம் எல்லா வேளையும் கீரை உண்டு, பிறகு ஒரு மாதம் கடையில் வாங்கினோம். இப்போது சனிக்கிழமைதோறும் அரைப் பாத்தி மட்டும் விதைக்கிறோம். அரிசியும் பருப்பும் இன்னும் கடையில்தான். ஆயினும் கீரை, கறிவேப்பிலை, முருங்கை மூன்றையும் காசு கொடுத்து வாங்கும் நாள் அருமையாகிவிட்டது.

1946-ல் உணவு நெருக்கடி தேசத்தை வாட்டியபோது, பூந்தோட்டங்களையும் உணவு விளையும் இடமாக்க வேண்டுமென்று காந்தியடிகள் எழுதினார். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்து, வெளி உதவி நின்றுபோனபோது, கியூபா தேசத்து ஹவானா நகர மக்கள் காலி மனைகளிலெல்லாம் காய்கறி விளைவித்தார்கள். பஞ்சம் வந்த பிறகு கற்ற வித்தை அது. பஞ்சம் வருமுன் கற்றுக்கொள்ள நமக்கு என்ன தடை? சுயராஜ்யம் 1947-ல் வந்துவிட்டது. அதைக் கொல்லைப்புறம் வரையில் கொண்டுவருவது அவரவர் பொறுப்பு.

ஆகவே சகோதரி, சிமெண்டு வேண்டாம். நாளைக் காலையில் ஒரு கோலை நட்டு நிழலை அளந்து பாருங்கள். ஒரு நாள் நீரைக் குடத்தால் அளந்து பாருங்கள். பிறகு, உங்கள் வீட்டில் கொல்லைக் கதவை முதலில் திறப்பவர் யாரோ, அவரைக் கேளுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். படலில் ஏறிய அவரை சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் காய்த்தது. தை மாதத்தில் ஒரு நாள், முறத்தில் பாதிக் காயைப் பறித்து வைத்துக்கொண்டு, சித்தி எங்கள் வாசலில் வந்து நின்றார். "உங்கள் வீட்டுக் காய் அக்கா" என்றார். "சுவருக்கு அந்தப் பக்கம் காய்த்தது உன்னுடையதுதான், உள்ளே வா" என்றார் அம்மா.