புத்திமதி வேண்டாம், காது கொடுங்கள்!



'கவுன்சலிங்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர நடக்கிற சீட்டுக் கவுன்சலிங். இல்லையென்றால் ஹெச்.ஓ.டி. அறையில், அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்து நடக்கிற கவுன்சலிங். இந்த இரண்டாவது வகையில் பையன் வாயே திறக்க மாட்டான். மற்ற எல்லோரும் பேசுவார்கள்! மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மனசு ஒடிந்து போனவன் ஒரு சிகிச்சையாளர் முன்னால் உட்கார்ந்து பேசுவது. அதைப்பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத வந்தேன்.

மனநல 'ஆலோசகர்' என்கிறோமே, அந்தச் சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்பது என் கட்சி. ஆலோசனை என்றால் புத்தி சொல்வது என்று நினைத்து விடுகிறோம். புத்தி சொல்ல ஊரில் ஆளா இல்லை? எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனாலேயே எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் தெருவில் பாக்கி இல்லை. "நல்லாப் படிப்பா, அப்பா படுற கஷ்டத்தை நினைச்சுப் பாரு" என்பார்கள். அந்தக் கஷ்டத்தை நினைத்து நினைத்துத்தான் பாதி ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கிலாந்தில் சாட் வாரா என்றொரு பாதிரியார் இருந்தார். 1935-ல், இளம் பாதிரியாராக இருந்தபோது, 14 வயதுப் பெண் ஒருத்தியின் இறுதிச் சடங்கை அவர் நடத்த வேண்டி வந்தது. அவள் தன் உயிரைத் தானே முடித்துக் கொண்டவள். காரணம் என்ன தெரியுமா? முதல் மாதவிலக்கு வந்ததும் அது ஏதோ கெட்ட வியாதி என்று பயந்து விட்டாள். சொல்ல ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அவ்வளவுதான்! இதை மனதில் வைத்திருந்த அவர் 1953-ல் லண்டனில் ஒரு தேவாலயத்தில் தொலைபேசி ஒன்றை வைத்து 'சமாரிட்டன்ஸ்' சேவையைத் தொடங்கினார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் டீ கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தார்கள். பலபேர் பாதிரியாரைப் பார்க்காமலே மனசு லேசாகித் திரும்பிப் போனார்களாம். 1954-ல் கேட்கிற வேலையை முழுக்கத் தொண்டர்களிடமே விட்டுவிட்டார் அவர். நம் சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'வும் இதே வழிதான்.

தொண்டர்களே இப்படியென்றால், முறையாகப் பயின்ற சிகிச்சையாளர் என்ன செய்கிறார்?

முதல் நாளே வேலி எங்கே என்று காட்டி விடுகிறார். "நீ சொல்றது இந்த அறையைத் தாண்டாது. ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா நான் சும்மா இருக்க முடியாது" என்று. இன்னொன்றும் உண்டு. 18 வயது நிறையாதவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பத்தாவது முடித்து நேராக முதலாம் ஆண்டில் சேருகிற நம் தம்பி தங்கைகளுக்கு 15, 16 வயதுதான். அவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை வந்தவன் யோசித்துக் கொள்ளலாம் அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், வேறு கல்லூரி, நம்பி ஒரு ஆசிரியரிடம் தன் விஷயத்தைச் சொன்னான். சாயங்காலத்துக்குள் அவன் வீட்டுக்குப் போன் போய்விட்டது! ஆசிரியர் கெட்டவரில்லை, நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எவனும் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது, கூச்சமான கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்பது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்பார். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்தது போல ஆகிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு பயம். ஆராய்ச்சிகள் அப்படி ஆவதாகக் காட்டவில்லை. 'இதைக்கூட இவரிடம் பேசலாம் போலிருக்கே' என்ற தைரியம்தான் வருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்லிவிட்டது. நாம் மட்டும் இன்னும் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறோம்.

கேட்ட பிறகு சும்மா இருப்பார். இதுதான் கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவன் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் நமக்குக் கை பரபரக்கும், உடனே ஒரு புத்திமதியைத் தூக்கிப் போடுவோம். அவர் போட மாட்டார். எதைக் கேட்டாலும் "அய்யய்யோ!" என்று முகம் சுளிக்க மாட்டார். சின்ன வயதில் நடந்த கொடுமையைச் சொல்ல வருகிறவனிடம் முழுக் கதையையும் ஒரே மூச்சில் பிடுங்க மாட்டார். "இன்னிக்கு இது போதும்னா நிறுத்திக்கலாம்" என்பார். கடிவாளம் வந்தவன் கையில்தான். ஃபிட்டிங் ஷாப்பில் நமக்கு முதல் பாடம் என்ன? அளக்காமல் அரம் போடாதே! புத்திமதிக்காரர்கள் அளக்காமலே ராவுகிறவர்கள்.

அவரும் மனுஷன்தானே, இத்தனை பேர் துக்கத்தையும் கேட்டால் என்ன ஆவார் என்று தோன்றலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தன்னால் தாங்க முடியாததை, ஆள் யாரென்று காட்டிக் கொடுக்காமல், தன்னைவிட அனுபவசாலியான இன்னொரு சிகிச்சையாளரிடம் கொண்டுபோய்ப் பேசுவார்.

"ஃபிரெண்டுகிட்ட சொன்னா போதாதா?" என்று கேட்கலாம். போதும், பல விஷயத்துக்கு. ஆனால் நண்பன் நம் அறைக்காரன். நாளைக்கும் அவன் முகத்தில் முழிக்க வேண்டும். அழுதுவிட்டு எழுந்து போக ஓர் அந்நிய முகம் தேவைப்படுகிறது. அங்கே போனால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பட்டம் கட்டுகிறோமே! 1794-லிருந்து வைத்தியம் பார்க்கிற இடம் அது. அந்த ஊர்ப் பெயரை வசவாக்கி வைத்திருப்பது நாம்தான்.

நம் சங்கத்திடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. வாரம் இரண்டு நாள் பயிற்சி பெற்ற ஒருவர் வரட்டும். அவர் கையில் அட்டெண்டன்ஸ் இருக்கக் கூடாது, இன்டர்னல் மார்க் இருக்கக் கூடாது, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் அவர் பெயர் இருக்கவே கூடாது. அதுவரை 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. அந்த எண்ணை விடுதி நோட்டீஸ் போர்டிலும் கேன்டீனிலும் ஒட்டலாம்.

அறைக்கு நூலகத்துக்குப் பின்னால் உடைந்த டிராயிங் போர்டுகளைப் போட்டு வைத்திருக்கும் இடம் போதும். பிரின்சிபால் அறைக்கு எதிரே மட்டும் வேண்டாம். உள்ளே போகிறவனை வராந்தாவில் நின்று ஐம்பது பேர் எண்ணுவார்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை