ஷேர் ஹலால் என்றால் ஆப்ஷனும் ஹலாலா?

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்களில் வளைகுடாப் பணம் முன்பெல்லாம் மனையாகவும் நகையாகவும்தான் மாறும். இப்போது அதில் ஒரு பகுதி டீமேட் கணக்குக்கும் போகிறது. வட்டி, மது போன்ற தொழில்களைத் தவிர்த்து ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குவதை அறிஞர்கள் பலர் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றனர். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. "ஷேர் மார்க்கெட் ஹலால்தானாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதே செயலியில் நம் பிள்ளைகள் ஆப்ஷனுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

நம் வட்டார நெல்லை வைத்தே இதைப் பார்ப்போம். இன்ன ரகம், இத்தனை குவிண்டால், இன்ன தேதியில் தர வேண்டும் என்று பேசி, முழுத் தொகையையும் இன்றே விவசாயியிடம் கொடுக்கிறார் ஒரு வியாபாரி. இது ஸலம். மதீனாவில் பேரீச்சம் பழத்துக்கு மக்கள் இப்படி முன்பணம் கொடுத்து வந்ததை, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். (கடன் கொடுத்துவிட்டு அறுவடையை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குவதை இதோடு சேர்த்துவிடக் கூடாது.)

இப்போது வயலும் இல்லாத, நெல்லும் தேவைப்படாத இருவர் வருகிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை விலை ஏறும் என்று ஒருவர் மற்றவரிடம் 5,000 ரூபாய் கொடுக்கிறார். குறித்த விலையைத் தாண்டினால் வித்தியாசம் அவருக்கு. தாண்டாவிட்டால் 5,000 போய்விடும். நெல்லுக்குப் பதில் நிஃப்டி என்று போட்டால், அதுதான் வாராந்திர இண்டெக்ஸ் ஆப்ஷன். சந்தைகளில் நடக்கும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஒரு பங்கு ஹலால் பட்டியலில் இருப்பதால் அதன் ஆப்ஷன் ஹலாலாகிவிடாது.

விவசாயிக்கு விலைப் பாதுகாப்பு தரவே டெரிவேட்டிவ் வந்தது என்பார்கள். ஆனால் பாஸ்மதி அல்லாத நெல்லின் முன்பேர வர்த்தகத்தைச் செபி 2021 டிசம்பரிலேயே நிறுத்திவைத்துவிட்டது. அப்பா கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதம் பார்க்கக் காத்திருக்க, மகன் மொபைலில் நிஃப்டி பார்க்கிறான்.

மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம் என்கிறது செபி ஆய்வு. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் இறங்கியவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழ். 72 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே, அதாவது நம்மைப் போன்ற ஊர்களில் இருப்பவர்கள். அதே ஆண்டில் அந்நிய முதலீட்டாளர்களும் பெரிய வர்த்தக நிறுவனங்களும் இதில் சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதி கணினி அல்காரிதம் வழியே வந்தது. டெலிகிராம் டிப்ஸை நம்பி உட்காரும் பையனுக்கு எதிரே இருப்பது இதுதான்.

2024 நவம்பரில் குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பை 15 லட்சமாகச் செபி உயர்த்தியது. ஆப்ஷன் வாங்குபவர் கட்டுவது பிரீமியம் மட்டும் என்பதால் சில ஆயிரங்களோடு இன்னமும் நுழையலாம். 2024-25இலும் 91 சதவீதம் பேருக்கு நட்டம்; தொகை 1,05,603 கோடி.

வீட்டில் யாரிடமாவது டீமேட் கணக்கு இருந்தால் ஆர்டர் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பெயரின் கடைசியில் சிஇ அல்லது பிஇ என்றிருந்தால் அது ஆப்ஷன். எஃப்யூடி என்றிருந்தால் ஃபியூச்சர்.