கத்தி கறுக்க ஆசிட் எதற்கு?

மடக்குக் கத்தியின் அலகு கறுப்பாக இருந்தால்தான் கெத்தாம். அதற்காகக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் முக்கி எடுக்கிறார்கள் நம் பிள்ளைகள்.

சின்னமனூர் பக்கம் வாழைத்தார் வெட்டுகிறவர் அரிவாளைப் பாருங்கள். காசில்லாமல் கறுத்திருக்கும். வாழைக்கறையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்புதான். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே கணக்குதான். வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தே நம் வீட்டுப் பெண்களுக்குக் கை ஓய்ந்தது. பேரனுக்கு இப்போது அதுவே நாகரிகம்!

ரேடியோ ரிப்பேர்காரர்கள் சர்க்யூட் பலகை அரிக்கும் பெரிக் குளோரைடு இந்த வேலைக்குத் தோதானது, ஒப்புக்கொள்கிறேன். கக்கூஸ் ஆசிட் அப்படியல்ல. அதன் புகை பக்கத்தில் கிடக்கும் ஸ்பேனர், ரம்பத்தையெல்லாம் துருவேற்றும். நெஞ்சையும் எரிக்கும். எவர்சில்வர் கத்தியென்றால் கறுப்பதற்குப் பதில் சொறி சொறியாக அரித்துப்போகும்.

எனக்குக் கோபம் கத்தி மேல் இல்லை. ஆசிட் வீச்சில் முகம் கருகிய லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆசிட் வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது. மீறினால் ரூ.50,000 வரை அபராதம்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பையன் கேட்டாலும் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். 'கத்திக்குத்தான் அண்ணே' என்கிறானாம், சிரித்துக்கொண்டே கொடுக்கிறாராம்.

கடைக்காரரே, அந்த நோட்டை எடுங்கள், பார்ப்போம்.